நின்னு கேக்கும் எண்ணெய்

நடவு முடிந்து கரையேறிய பெண்கள், வாய்க்காலில் சேற்றைக் கழுவிவிட்டு, மோட்டார் கொட்டகைச் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். தனக்கொடி சாப்பாட்டுக் கூடையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். ஆளுக்கு ஒரு மூடி எண்ணெய். உள்ளங்கையில் ஊற்றி, புடவையை முட்டிக்கு மேல் ஏற்றிக்கொண்டு வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். சற்று நேரத்தில் உள்ளே ஒரு சூடு இறங்கும். நாளெல்லாம் குனிந்தே கிடந்த உடம்பு அந்தச் சூட்டில்தான் நிமிர ஒப்புக்கொள்ளும். "நின்னு கேக்குதுக்கா" என்பாள் குப்பு, தினமும் தேய்த்து முடித்ததும். மற்ற தைலமெல்லாம் வீடு போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். இதுவோ குளித்தாலும் போகாது, மறுநாள் காலைவரை தோலைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அப்படி விடாமல் வேலை செய்கிற மருந்தைத்தான் அந்தப் பக்கத்தில் நின்னு கேக்கும் என்பார்கள்.

கரியமாணிக்கத்தில் நடவு என்றால் தனக்கொடிக்குத்தான் முதல் போன் வரும். எந்தக் கழனிக்கு எத்தனை பேர், யார் நாற்று பறிப்பது, யார் நடுவது, எல்லாம் அவள் வாய்ச்சொல். ஐம்பதை நெருங்கிவிட்ட பொம்பளை. கூலியில் ஒரு ரூபாய் குறைந்தால் மிராசுதாரர் வீட்டு வாசலில் போய் நிற்பாள். நடவில் ஒரு முழம் கோணினால் சொந்தக்காரி என்றும் பார்க்காமல் வைவாள். அதனால் அவள் சொன்னதைப் பெண்கள் மறு கேள்வி இல்லாமல் கேட்டார்கள். தேய்த்துக்கொள்ளுங்கடி என்று அவள் சொன்னதால்தான் தேய்த்துக்கொண்டார்கள். சிலர் அவளிடமிருந்து கால் பாட்டில், அரைப் பாட்டில் என்று வாங்கிப்போய்ப் பாகூரில் இருக்கும் பிறந்த வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார்கள்.

எண்ணெயைக் கொண்டுவந்தவன் அவள் தம்பி கலியன். திருவாண்டார்கோயில் பக்கம் பல வருடமாக மூடிக்கிடந்த ஓர் ஆலையைப் போன தை மாதம் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அங்கே லோடு ஏற்றப் போன கலியன், பெரிய டிரான்ஸ்பார்மர் ஒன்றின் வயிற்றைத் திறந்தபோது ஒரு கேன் பிடித்துக்கொண்டு வந்தான். "டிரான்ஸ்பார்மர் எண்ணெக்கா. அம்மாம் வருசம் கரண்ட்டு ஊறுனது. செத்த நரம்புக்கே உசிரு வருமாம்" என்றான். அவன் சொன்னதில் புதிதாக எதுவும் இல்லை. அந்தச் சுற்று வட்டாரத்தில் நெடுநாளாக உலவுகிற நம்பிக்கை அது. உப்பு ஊறினால் மாங்காய் உப்புக் கரிக்கிறது, கரண்ட் ஊறினால் எண்ணெய்க்கு வேகம் வராதா? கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. தனக்கொடி கேனைத் தூக்கிப் பார்த்தாள். எண்ணெய்க்கு இத்தனை கனமா என்று ஒரு நொடி தோன்றியது. சத்தான சரக்கு போல என்று எண்ணிக்கொண்டாள்.

சில மாதங்களில் பெண்களின் காதுக்குப் பின்னாலும் கன்னத்திலும் கறுப்புக் கறுப்பாகப் பருக்கள் வந்தன. வெயில் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துத் தின்றார்கள். கலியனின் பெண்டாட்டி மஞ்சுளாவுக்கு ஏழு மாதம். நடவுக்கு இறங்காமல் கரையில் நாற்றுக்கட்டு எடுத்துக்கொடுக்க மட்டும் வந்துகொண்டிருந்தாள். கால் வீங்குகிறது, இடுப்பு விட்டுப்போகிறது என்று அவள் சொல்லவும், தனக்கொடி இரண்டு மூடியாகவே ஊற்றித் தன் கையாலேயே இடுப்பிலும் காலிலும் நீவிவிட்டாள். நாத்தனார் கை இப்படிப் பதமாக இருக்கும் என்று மஞ்சுளா கல்யாணமான புதிதில் எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம், சமுதாயக் கூடத்தில் கூட்டம் என்று கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். புதுச்சேரியிலிருந்து மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் மேடம் வருகிறார்களாம். வந்தவள் ரோஸ்லின். முப்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. பழைய டிரான்ஸ்பார்மர்கள் சிலவற்றில் இருக்கும் ஒரு வகை எண்ணெயை இந்த வருட முடிவோடு நாட்டில் யாரும் வைத்திருக்கவே கூடாது என்று டெல்லியில் சட்டம் போட்டு வருடக்கணக்காகிறது. சட்டம் போடுவதற்கு ஒரு பேனா போதும். அந்த எண்ணெய் எந்த ஊரில், எந்தப் பரணில் இருக்கிறது என்று தேடிப் போவதற்கு ஆள் வேண்டுமே. தேடிக்கொண்டு வந்த ஆள் இவள். ஆலையில் உடைத்துப் போட்ட டிரான்ஸ்பார்மரின் வெறும் கூட்டைப் பார்த்துவிட்டாள். ஒட்டியிருந்த எண்ணெயைச் சோதித்தும் பார்த்துவிட்டாள். உள்ளே இருந்தது எங்கே போனது என்றுதான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

முதலில் எல்லா அதிகாரிகளையும் போலத்தான் ஆரம்பித்தாள். கையில் இருந்த தாளைப் பார்த்து, "நீடித்து நிலைக்கும் கரிம மாசுபடுத்திகள்" என்று படித்தாள். கூடத்தில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். குப்பு பக்கத்தில் இருந்தவள் காதைக் கடித்தாள்: "இன்னாடி சொல்றாங்க? நம்ம எண்ணெ நின்னு கேக்குது, அத்தப் போயி…" சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரோஸ்லினின் காதில் அது விழுந்துவிட்டது.

அது திருட்டு எண்ணெய் என்று எல்லோருக்கும் தெரியும். யார் வீட்டில் இருக்கிறது என்று அவள் கேட்கப்போகிறாள், அடுத்தது போலீஸ் என்று தனக்கொடி காத்திருந்தாள். ரோஸ்லின் அதைக் கேட்கவில்லை. தாளை நான்காக மடித்துப் பையில் போட்டாள்.

"நின்னு கேக்கும்னு சொன்னீங்க இல்ல, அதான் சரியான வார்த்தை. எங்க ஆபீஸ்ல இதுக்கு நாலு வரியில பேரு வெச்சிருக்காங்க. இவ்ளோ நல்லா ஒண்ணும் இல்ல. இந்த எண்ணெ நிக்கும். தோல்ல நிக்கும், தோலுக்கு உள்ள போயி கொழுப்புல நிக்கும். நாளைக்குப் போயிடும், அடுத்த வருசம் போயிடும்னு கிடையாது. நிக்கறதுதான் இதோட கெட்ட குணம்."

தன் வார்த்தையைக் கீழே போட்டுவிட்டு எதிராளியின் வார்த்தையை எடுத்துக்கொள்ள எத்தனை அதிகாரிகளுக்கு மனசு வரும்? தனக்கொடிக்கு அந்தப் பெண்ணை அந்த நேரத்தில் பிடித்துப்போனது. பிடித்ததோடு பயமும் வந்தது.

ரோஸ்லின் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்தாள். வாயை மெழுகால் அடைத்திருந்தார்கள். உள்ளே பாதி தண்ணீர், ஆலை டிரான்ஸ்பார்மரில் ஒட்டியிருந்த எண்ணெய் கொஞ்சம். "எந்த எண்ணெய்யா இருந்தாலும் தண்ணியில இன்னா ஆவும்?" என்று, இவர்கள் பேச்சையே பிடித்துக்கொண்டு கேட்டாள். மிதக்கும் என்றார்கள். குப்பியைக் கவிழ்த்தாள். எண்ணெய் உருண்டு திரண்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அடிக்குப் போய் உட்கார்ந்தது. மறுபடி கவிழ்த்தாள். மறுபடியும் அடிக்கே போனது. பிறந்தது முதல் எண்ணெய் மிதப்பதையே பார்த்த பெண்கள் முன்னால் நகர்ந்து வந்து பார்த்தார்கள். தனக்கொடிக்குக் கேனின் கனம் கையில் ஏறியது.

மஞ்சுளாதான் எழுந்தாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. "மேடம், தேச்சிக்கினா வயித்துப் புள்ளைக்கும் போவுமா?"

ரோஸ்லின் கொஞ்சம் தயங்கினாள். பொய் சொல்வதற்குத் தேடிய தயக்கம் இல்லை அது. "போகும். பால்லயும் போகும். கொழந்தைக்கு கண்டிப்பா கெடுதல் வரும்னு நான் சொல்லல, அப்படி யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இன்னைக்கு நிறுத்தினா, மேல மேல சேர்றது இன்னைக்கே நின்னுடும். ஆஸ்பத்திரில நான் பேசறேன், உங்களத் தனியா கவனிக்கச் சொல்றேன்."

"உள்ள போனத எடுக்க மருந்து இல்லியா?" என்று தனக்கொடி கேட்டாள்.

"இல்லம்மா."

"அப்ப முட்டி நோவுக்கு நாங்க இன்னாதான் பண்றது?"

"எனக்குத் தெரியாது. டாக்டரக் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாள். இரண்டு நாள் இங்கேயே இருப்பதாகவும், யாரிடமாவது இருந்தால் கொண்டுவந்து கொடுக்கலாம் என்றும், வாய்க்காலிலோ குப்பையிலோ மட்டும் ஊற்றிவிடக் கூடாது என்றும் சொன்னாள். "ஊத்துனா போச்சுன்னு நினைக்காதீங்க. சேத்துல நிக்கும், சேத்த மேயற மீன்ல நிக்கும், மீனத் தின்னவங்க கிட்ட நிக்கும்."

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகக் கலியன் டி.வி.எஸ்.ஸோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். முகத்தில் தூக்கம் இல்லை. கேனை எடுத்து வண்டியின் முன்பக்கம் வைத்தான். தனக்கொடி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வாய்க்கால் மதகடியில் நிறுத்தியதும்தான் அவன் வாயைத் திறந்தான்.

"ஊத்திடலாம்க்கா. ஒரு நிமிசம். பாட்டில் வெச்சிருக்கிறவங்களும் ஊத்திடட்டும். நம்ம கிட்ட இல்லன்னா யாரு இன்னா பண்ண முடியும்? புள்ள பொறக்கற நேரத்துல நான் உள்ள போயி உக்காரணுமா?"

பாவம், அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தாய் போனபிறகு தனக்கொடி இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அவன். அக்காவின் முட்டி வலிக்கிறதே என்றுதான் அந்தக் கேனையே கொண்டுவந்தான். ஊற்றினால் அவனுக்கு ஒன்றும் வராது. வாய்க்கால் தண்ணீர் ஆடி அசைந்து கழனிகளுக்குள் போய், மிச்சம் பாகூர் ஏரியில் சேரும். யாருக்குத் தெரியப்போகிறது?

அவன் மூடியைத் திருகினான். தனக்கொடி தண்ணீரைப் பார்த்தாள். அடியில் சேறு தெரிந்தது. பதினைந்து வயதில் இறங்கினாள் அந்தச் சேற்றில். விரலை விட்டால் எந்தக் கழனி என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். அவளுக்கு நிலம் கிடையாது. ஊர்க்காரர்களின் சேறு முழுக்க அவளுடையது என்று ஒரு நினைப்பு உண்டு. வீணாய்ப்போன நினைப்புதான். ஆனால் அதை வைத்துத்தான் அவள் தலை நிமிர்ந்து நடந்தாள்.

கேனின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள்.

"இந்தச் சேத்துல நாளைக்கும் நான்தான்டா எறங்கி நிக்கணும். அந்தப் பொம்பளைங்களும்தான் நிக்கணும். நாந்தான் தேச்சிக்கச் சொன்னேன் அவங்கள. அதுவே போதாதா எனக்கு?"

"அப்ப என்னை மாட்டி வுடப் போற."

தனக்கொடி மூடியை வாங்கித் திருகி மூடினாள். அவன் கேனைக் கரையில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். போகிற வேகத்தில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முந்தானையைச் சும்மாடாகச் சுற்றிக் கேனைத் தலையில் ஏற்றினாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவளுக்குக் கனம் தலையிலேயே இருந்தது, அதுவும் ஊர் பார்க்க. மறைக்க நினைத்திருந்தால் கரும்புக் கொல்லை ஓரமாகப் போயிருக்கலாம். தெருவோடு நடந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். குப்பு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் புள்ளியை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். நடக்க நடக்க முட்டி இரண்டும் கெஞ்சின. நேற்று சாயங்காலம் எண்ணெய் இல்லை. கையே பழக்கத்தில் கூடைக்குள் போய்த் துழாவிவிட்டு வந்தது. அவளுக்குத் தன்மேலேயே கோபமாக இருந்தது. அதற்காகக் கூனிக் குறுகி நடக்கவில்லை. நல்ல கோபம் அது. எல்லோருக்கும் வாய்க்காது.

சமுதாயக் கூடத்தில் ரோஸ்லின் தனியாக உட்கார்ந்திருந்தாள். முந்தைய நாள் யாரும் ஒன்றும் கொண்டுவரவில்லை என்பது காலியாகக் கிடந்த நீலப் பீப்பாயைப் பார்த்தாலே தெரிந்தது. தனக்கொடியைக் கண்டதும் கேனை வாங்க வரவில்லை. முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. முட்டிக்கு ராத்திரியே போன்ல கேட்டேன்மா. வியாழக்கிழம எலும்பு டாக்டர் ஒருத்தர் இங்க வந்து பாக்கறேன்னு ஒத்துக்கிட்டார். அதுவரைக்கும் சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கலாமாம்."

தனக்கொடி கேனை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எத்தனையோ பேர் வந்து எத்தனையோ எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். கேட்ட கேள்வியை ஞாபகம் வைத்துப் பதிலோடு காத்திருந்தவர் என்று ஒருவரைக்கூட அவளுக்கு நினைவில்லை.

ரோஸ்லின் தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டாள். தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு, கேனைத் துடைத்து, துடைத்த துணியையும் பைக்குள் போட்டுக் கட்டினாள். தனக்கொடியின் சும்மாட்டு முந்தானையில் ஒரு கறை இருந்தது. அதைக் காட்டி, இந்தப் புடவையையும் கொடுத்துவிட முடியுமா, வேறு வாங்கித் தருகிறேன் என்று தணிந்த குரலில் கேட்டாள். ஒரு சொட்டைக்கூட விடமாட்டாள் போலிருக்கிறது. அவசரமும் இல்லை, அருவருப்பும் இல்லை. பிரசவம் பார்க்கிற நர்ஸம்மா கையில்தான் அப்படி ஒரு நிதானத்தைத் தனக்கொடி பார்த்திருக்கிறாள். இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, இதற்கென்றே இருக்கும் உலையில் பெரும் சூட்டில் எரிப்பார்கள், சும்மா அடுப்பில் எரித்தால் புகை இதைவிடக் கெட்டது என்றாள்.

அதற்குள் குப்பு வந்துவிட்டாள், கோலமாவு கையோடு. இடுப்பில் செருகியிருந்த கால் பாட்டிலை எடுத்து விரிப்பின்மேல் வைத்தாள். "பாகூர்ல எங்க அண்ணி கிட்ட ஒண்ணு கீது. அத்தயும் வாங்கியாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ரோஸ்லின் கையுறையைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்த டிரான்ஸ்பார்மர் பெருசு. இந்தக் கேன் அதுல ஒரு மூலைக்குக் காணாது. ரெண்டு ட்ரம்மாவது எங்கயோ இருக்கணும். வெல்டிங் பட்டறையில மெஷினுக்கு ஊத்தறதுக்கு வித்துட்டா தெருத் தெருவா போயிடும். ட்ரம் ஓட்டையாச்சின்னா மண்ணுக்குள்ள போயிடும். அது எங்க இருக்குன்னு தெரிஞ்ச ஆளு யாருன்னு உங்களுக்குத் தெரியும்னு நினைக்கிறேன்."

தெரியும். மஞ்சுளா முந்தின இரவு அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். லோடு ஆட்கள் நான்கு பேர் சேர்ந்து, விலை வந்தால் விற்கலாம் என்று, ஒரு பாழடைந்த பம்புசெட் அறைக்குள் உருட்டி வைத்திருக்கிறார்கள். சாவி கலியனிடம்.

"சொன்னா அவம் மேல கேஸ் வருமா?"

"வராதுன்னு என்னால சொல்ல முடியாது" என்றாள் ரோஸ்லின். "போலீஸ் என் கையில இல்ல. தானா வந்து எடத்தக் காட்டினார்னு எழுதுவேன். எந்த ஆபீஸ்ல கூப்பிட்டாலும் நேர்ல போயி அதையே சொல்லுவேன். அவ்ளோதான் என்னால முடியும்."

எல்லாம் பார்த்துக்கலாம், ஒண்ணும் வராது என்று அவள் சொல்லியிருந்தால் தனக்கொடி எழுந்து போயிருப்பாள். அப்படிச் சொன்னவர்களைத் தேர்தலுக்குத் தேர்தல் பார்த்தாயிற்று. முடியாததை முடியாது என்று சொல்கிற வாயை நம்பலாம். "இருங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள்.

கலியன் வீட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் பனியனோடு உட்கார்ந்திருந்தான். மஞ்சுளா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அக்கா எதிரில் வந்து நின்றபோதும் அவன் தலை நிமிரவில்லை.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"என்னையும் சொல்லிட்டியா?"

"இல்லடா. அத்த நீதான் சொல்லணும்" என்றாள் தனக்கொடி. "கேஸ் வந்தாலும் வரும்ன்றாங்க அந்தம்மா. பொய் சொல்லல. வந்தா நான் கூட வரேன். கோர்ட்டு வாசல்ல நான் நிக்கிறேன். ஆனா நீ வரலன்னா நான் போயி சொல்லிடுவேன் கலியா. சொல்லிட்டு அப்பறம் ஒக்காந்து அழுவேன்."

அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எறும்புப் புற்று ஒன்றைக் கால் கட்டைவிரலால் கீறினான். தெருவில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். மஞ்சுளா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கொடியருகே போய், காய்ந்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, ஒரு தடவை உதறி, புருஷனிடம் நீட்டினாள்.

கலியன் அவளைப் பார்த்தான். அவள் வயிற்றைப் பார்த்தான். பிறகு எழுந்து சட்டையை மாட்டினான். மாடத்தில் இருந்த சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, டி.வி.எஸ். பக்கம் போகாமல் தெருவில் இறங்கி, சமுதாயக் கூடத்தை நோக்கி விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தான்.

தனக்கொடி பின்னால் நடந்தாள். காலையிலிருந்து நடந்த நடையில் முட்டி வீங்கிப்போயிருந்தது; ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தாள். இரண்டு வீடு தாண்டுவதற்குள் அவன் வெகுதூரம் முன்னால் போய்விட்டான். தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை, அக்காவையும் திரும்பிப் பார்க்கவில்லை. டீக்கடை முனை வந்ததும், செருப்பில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி குனிந்து எதையோ சரிசெய்தான். நிமிர்ந்து, முகத்தைத் திருப்பாமலேயே, அக்காவின் காலுக்கு எந்த வேகம் ஏலுமோ அந்த வேகத்தில் நடந்தான்.